பந்து வராத ஓட்டம்

கோடை முடியும் தறுவாய். ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. ஒஹையோ மாநிலத்தின் உட்பகுதியில், மரக்கன்று விற்கும் பண்ணை ஒன்றின் முன்னால் டெல்வின் ஹார்கிரோவ் காரை நிறுத்தினான்.

வேலிக் கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே ஒருவன் மேப்பிள் கன்றுகளுக்குக் குழாயால் நீர் விட்டுக்கொண்டிருந்தான். நெடிய உடல். அடி எடுத்து வைக்கும்போது வலது முழங்கால் சற்றே மறுத்தது.

டெல்வின் முகமன் கூறவில்லை. வழியெல்லாம் சுமந்து வந்த கேள்வியை அப்படியே இறக்கி வைத்தான்.

“உனக்கு எப்படித் தெரிந்தது?”

நீர் விட்டவன் திரும்பிப் பார்த்தான்.

“காலை வணக்கம்” என்றான் ஆம்ப்ரோஸ் டில்.

இந்த இருவரையும் அறிய, அவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சிறிது அறிய வேண்டும். அமெரிக்கக் கால்பந்து என்று பெயரே தவிர, அங்கே பந்து காலில் படுவது அரிது. நடுவில் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவான். ஓரத்திலிருந்து புறப்பட்டு ஓடி, அதைப் பிடிப்பவன் ரிசீவர். அவனை நிழல் போல் ஒட்டி ஓடி, பிடிக்க விடாமல் மறிப்பவன் கார்னர்பேக்.

டெல்வின் ரிசீவர். ஆம்ப்ரோஸ் கார்னர்பேக். ஒன்பது ஆண்டுகள் எதிரெதிர் அணிகளில் ஆடினார்கள். ஆண்டுக்கு இருமுறை சந்திப்பு. சந்தித்த போதெல்லாம் ஆம்ப்ரோஸே வென்றான்.

ஆம்ப்ரோஸ் ஆட்டத்தை விட்டுவிட்டான். டெல்வின் இன்னும் விடவில்லை. விடும்படி ஆகிவிடுமோ என்ற அச்சம்தான் அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

“பந்து எனக்கு வருமா வராதா என்பது எறிபவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த செய்தி. உனக்கு எப்படித் தெரிந்தது?”

“அன்றைக்கே கேட்டிருக்கலாமே.”

“கேட்டேன். மைதானத்தில், முகத்துக்கு நேராகக் கேட்டேன். ‘உன் மாமியார் போன் செய்து சொன்னாள்’ என்றாய்.”

ஆம்ப்ரோஸ் சிரித்தான். “நல்ல பதில்தானே.”

“எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.”

“அதனால்தான் நீ அரை நொடி யோசித்தாய். எனக்கு அந்த அரை நொடி போதுமாக இருந்தது.”

டெல்வின் சிரிக்கவில்லை. அருகில் கிடந்த உரமூட்டை மேல் உட்கார்ந்தான்.

“இப்போது சின்னப் பையன்களுக்கெல்லாம் தெரிகிறது, ஆம்ப்ரோஸ். இந்தக் கோடையில் நான் யாரிடமிருந்தும் தப்பவில்லை. வியாழக்கிழமை கடைசிப் பயிற்சி ஆட்டம். அடுத்த செவ்வாயன்று ஆட்களைக் கழிக்கிறார்கள். ரிசீவர்களில் மிச்சம் இருப்பது ஓர் இடம். அதற்கு நான் ஒருவன், இன்னொருவன்.”

“உனக்கு வயது?”

“முப்பத்து மூன்று.”

“போதும் என்று தோன்றவில்லையா?”

“உனக்குத் தோன்றியதா?”

ஆம்ப்ரோஸ் குழாயைக் கன்றின் வேருக்கு இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான்.

இளமையில் டெல்வினை எவரும் விரும்பி எடுக்கவில்லை. அணிகள் ஆட்களைத் தேர்ந்து களைத்துப்போன நேரத்தில், கடைசிச் சிலருள் ஒருவனாக எடுத்தார்கள். அதன் பிறகு மூன்று அணிகள். ஒரு முழங்கால் அறுவை. நிமிராமலே போய்விட்ட ஒரு சுண்டுவிரல். கைக்கு வந்த பந்தை நழுவ விடாதவன் என்ற நற்பெயர். பதினோராம் ஆண்டு இது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“நான் எல்லா ஓட்டத்தையும் ஒரே மாதிரிதான் ஓடுகிறேன்” என்றான் அவன். “அப்படித்தான் எப்போதும் ஓடி வந்திருக்கிறேன்.”

இதை அவன் பெருமிதத்தோடு சொன்னான்.

ஆம்ப்ரோஸ் நீரை நிறுத்தினான்.

“வெர்னெல்!” என்று கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தான். “பந்தை எடுத்துக்கொண்டு வா.”

அவன் மனைவி வந்தாள். அகன்ற தோள்கள், கல்லூரி நாள்களில் ஸாஃப்ட்பால் எறிந்து பெயர் வாங்கியவள். டெல்வினை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவனா அவன்? டிவியில் உயரமாகத் தெரிந்தானே.”

“ஹெல்மெட் போட்டிருந்தேன்” என்றான் டெல்வின்.

“அப்போது முகமும் நன்றாக இருந்தது.”

கன்று வரிசைகளின் நடுவே சரளைக்கல் பரப்பிய நேரான பாதை ஒன்று ஓடியது. அதன் ஓரத்தில் ஆம்ப்ரோஸ் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்களைக் கட்டிக்கொண்டான்.

“பந்து வருமா வராதா என்பதை அவன் காதில் மட்டும் சொல்” என்றான் மனைவியிடம். “நீ ஓடு” என்றான் டெல்வினிடம்.

வெர்னெல் டெல்வினின் காதருகே குனிந்தாள். “வரும்.”

அவன் ஓடினான். பந்து இன்னும் அவள் கையை விட்டுப் புறப்படவில்லை.

“வருகிறது” என்றான் ஆம்ப்ரோஸ்.

டெல்வின் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அவள் மறுபடியும் குனிந்தாள். “வராது.”

அவன் ஓடினான். பாதையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

“வரவில்லை.”

வரும். வராது. வராது. வரும். வராது.

ஆம்ப்ரோஸ் ஒருமுறையும் தவறவில்லை.

டெல்வின் இடுப்பில் கை வைத்து நின்றான். வியர்வை கண்ணில் இறங்கியது.

“நீங்கள் இவனுக்குச் சைகை காட்டுகிறீர்கள்” என்றான் வெர்னெலிடம்.

“கண்ணைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்கா?” அவள் கணவனைப் பார்த்தாள். “இவனை நிழலில் உட்கார வை. வெயில் தலைக்கு ஏறிவிட்டது.”

ஆம்ப்ரோஸ் துண்டை அவிழ்த்தான். எழுந்து பாதைக்குள் நடந்தான். டெல்வினைக் கையசைத்து அழைத்தான்.

சரளையின் மேல் டெல்வினின் கால்தடங்கள் கிடந்தன. ஆம்ப்ரோஸ் காலணி நுனியால் ஒரு தடத்தைத் தொட்டுக் காட்டினான். அங்கே கற்கள் சிதறி, அடியிலிருந்த கருமண் வெளியே வந்திருந்தது.

அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு தடத்தைத் தொட்டான். கற்கள் இலேசாக நகர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

பிறகு மண் தெரிந்த தடம். பிறகு கல் நகர்ந்த தடம். பாதை நெடுகிலும் இவ்விரண்டு வகையே கிடந்தன.

டெல்வின் அவற்றை நெடுநேரம் பார்த்தான்.

“உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்” என்றான் ஆம்ப்ரோஸ்.

“எதற்கு?”

“ஓய்வுக்கு. பந்து வராத போதெல்லாம் நீ எனக்கு ஓய்வு கொடுத்தாய். இந்த முழங்கால் ஒன்பது வருடம் தாங்கியது உன் தயவால்தான்.”

“இதை இவ்வளவு அன்பாகச் சொல்லாதே.”

“அன்பாகத்தான் சொல்கிறேன். வேறு எந்த ரிசீவரும் எனக்கு இதைச் செய்ததில்லை.”

டெல்வின் விறுவிறுவென்று பாதையின் தொடக்கத்துக்குப் போனான். “கண்ணைக் கட்டிக்கொள். மறுபடியும்.”

இப்போது அவன் ஒரு தந்திரம் செய்தான். பந்து வரும் ஓட்டத்தையும் மெதுவாக ஓடினான்.

பந்து அவனுக்கு முன்னால் வெகுதூரம் போய் விழுந்தது.

“இப்போது எனக்குத் தெரியவில்லைதான்” என்றான் ஆம்ப்ரோஸ். “இரண்டையும் கொன்றுவிட்டாய்.”

“எனக்குக் கொட்டாவி வருகிறது” என்றாள் வெர்னெல்.

அடுத்து அவன் இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். சரளை தெறித்தது. ஒரு கன்றின் கிளையை இடித்து முறித்தான். கால்தடம் எல்லாம் இப்போது ஒரே ஆழத்தில் விழுந்தது.

ஆம்ப்ரோஸ் அப்போதும் சரியாகவே சொன்னான்.

“எப்படி?” என்று டெல்வின் கத்தினான். “இப்போது எப்படி?”

“வரும் ஓட்டத்தில் ஓடுகிறாய். வராத ஓட்டத்தில் என்னோடு சண்டை போடுகிறாய். மூச்சிலேயே கேட்கிறது.”

“வராத பந்துக்கு வேறு எப்படி ஓடுவது?”

ஆம்ப்ரோஸ் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தான். மடித்தான். மறுபடியும் மடித்தான்.

“பந்து உன்னிடம் வராதபோது எங்கே போகிறது?”

“வேறு ஆளிடம்.”

“எந்த ஆளிடம்?”

“இப்போதெல்லாம் எண்பத்து மூன்றிடம்.”

“அது சட்டையின் எண். சட்டைக்குள் இருப்பது யார்?”

“புதுப் பையன். சொன்னேனே, மிச்சம் இருக்கும் இடத்துக்கு இன்னொருவன் என்று. அவன்தான்.”

“பெயர்?”

டெல்வின் சரளைக்கல் ஒன்றைக் காலால் நகர்த்தினான்.

பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கோடை முகாமுக்கு வரும் புதியவர்களை அவர்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எண்ணைச் சொல்லியே அழைப்பார்கள். கோடை முடியுமுன் அவர்களில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பெயர் தெரிந்துவிட்டால், காலியான அலமாரியைப் பார்க்கும்போது ஏதோ செய்யும். அதனால் செப்டம்பர் பிறக்கும் வரை புதியவனுக்குப் பெயர் இல்லை. இதை வகுத்தவர்கள் கல்மனம் படைத்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். மனம் அவ்வளவு கல்லாக இல்லாததால்தான் இப்படி ஒரு வழக்கம் தேவைப்பட்டது.

“ஜூலையிலிருந்து என் பக்கத்து அலமாரி அவனுடையது” என்றான் டெல்வின். குரல் இறங்கியிருந்தது.

ஆம்ப்ரோஸ் எழுந்தான். குழாயைத் திறந்தான். விட்ட இடத்திலிருந்து நீர் ஊற்றத் தொடங்கினான்.

“அவ்வளவுதானா?”

“இந்த வரிசைக்கு இன்னும் தண்ணீர் பாயவில்லை.”

“ஆம்ப்ரோஸ், நான் என்ன செய்ய வேண்டும்?”

“காலை நகர்த்து. குழாய் மேல் நிற்கிறாய்.”

*

திங்களும் செவ்வாயும் டெல்வின் பையனின் பெயரைக் கேட்கவில்லை.

கேட்பது பெரிய காரியம் அன்று. பையன் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து காலணிக்கு நாடா கட்டுவான். வாய் ஓயாமல் எதையோ மென்றுகொண்டிருப்பான். ஒருவரோடும் அதிகம் பேச மாட்டான். அணியின் ஆட்டத் திட்டங்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்வான். தவறாகச் சொல்லும்போது தன் தலையில் தானே குட்டிக்கொள்வான்.

ஒருவனுடைய பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு, அவன் தோற்றுப்போக வேண்டும் என்று விரும்புவது கடினம். டெல்வினுக்கு அந்த விருப்பம் தேவைப்பட்டது.

புதன்கிழமைப் பயிற்சியில் ஒரு திட்டத்தை ஒத்திகை பார்த்தார்கள். எளிய திட்டம். டெல்வின் ஓரமாக நெடுந்தூரம் ஓட வேண்டும். அவனை மறிப்பவனும் உடன் ஓடுவான். அப்போது நடுவில் ஓர் இடம் காலியாகும். எண்பத்து மூன்று குறுக்கே ஓடி அந்தக் காலியிடத்தில் பந்தைப் பிடிக்க வேண்டும்.

டெல்வின் ஓடினான். பதினோரு ஆண்டுகளாக ஓடிய விதமாகவே ஓடினான்.

மறிப்பவன் நான்கு எட்டு வைத்ததும் நின்றுவிட்டான். டெல்வினை விட்டுத் திரும்பினான். எறிந்த பந்து பையனைச் சேரும் நேரத்தில் நடுவே பாய்ந்து தட்டிவிட்டான்.

“எண்பத்து மூன்று!” என்று பயிற்சியாளர் அலறினார். “பந்தை எடுத்து உன் கையில் வைத்து, விரலையும் மடக்கிவிட வேண்டுமா?”

“இல்லை சார்.”

“சாயங்காலப் பேருந்துக்கு உனக்கு டிக்கெட் போடட்டுமா?”

“வேண்டாம் சார்.”

பையன் டெல்வினைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். திரும்பி நடக்கையில் டெல்வினின் அருகே வந்து தலை குனிந்தான்.

“மன்னியுங்கள் சார். உங்கள் ஓட்டத்தை வீணாக்கிவிட்டேன்.”

டெல்வின் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அது சரியாகத்தான் இருந்தது.

*

வியாழக்கிழமை மாலை ஆட்டம்.

முதல் பாதியில் டெல்வினுக்கு ஒரு பந்து வந்தது. பிடித்தான். பையனுக்கு ஒன்று வந்தது. அவனும் பிடித்தான். இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தம் குறிப்புகளில் இரண்டு கோடுகள் இழுத்திருப்பார்கள். ஒன்றுக்கொன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடியும் நேரம். அணியினர் வட்டமாகக் கூடித் தலை தாழ்த்தினார்கள். குவார்ட்டர்பேக் திட்டத்தைச் சொன்னான். புதன்கிழமை ஒத்திகை பார்த்த அதே திட்டம்.

டெல்வினுக்குக் கணக்கு விளங்கியது. மறிப்பவனைத் தன்னோடு இழுத்துச் சென்றால் பையன் புள்ளி எடுப்பான். பையன் புள்ளி எடுத்தால் அந்த இடமும் பையனுக்கே. இழுக்காமல் விட்டால் எவரும் குற்றம் சொல்லப் போவதில்லை. பதினோரு ஆண்டுகளாக எவரும் சொன்னதில்லை.

வட்டத்தில் பையன் அவனுக்குப் பக்கத்தில் நின்றான். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குறுக்கே, ஐந்தாம் எட்டில் திரும்பு, குறுக்கே, ஐந்தாம் எட்டில் திரும்பு.

“உன் பெயர் என்ன?” என்றான் டெல்வின்.

பையன் நிமிர்ந்தான். “சார்?”

“பெயர்.”

“எசேக்கியேல். எசேக்கியேல் மேயோ, சார்.”

“எந்த ஊர்?”

“அலபாமா. சின்ன ஊர்தான், சொன்னால் தெரியாது.”

“சொல்.”

“ஐயா பெரியவர்களே” என்றான் குவார்ட்டர்பேக், “சம்பந்தம் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? கடிகாரம் ஓடுகிறது.”

வட்டம் கலைந்தது.

டெல்வின் ஓரத்துக்குப் போய் நின்றான். எதிரே இளைஞன் ஒருவன், மறிப்பவன், கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தான்.

“தாத்தா, மெல்லப் போ” என்றான் அவன். “விழுந்து வைக்காதே.”

பந்து அசைந்தது.

டெல்வின் ஓடினான்.

அவன் மறிப்பவனை நினைக்கவில்லை. இடத்தை நினைக்கவில்லை. குறுக்கே, ஐந்தாம் எட்டில் திரும்பு என்று முணுமுணுக்கும் ஓர் உதட்டை நினைத்தான். அவன் பின்னால் எங்கேயோ அந்தக் கால்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தன. அவை ஐந்தை எட்டும் வரை நடுவிடம் காலியாக இருக்க வேண்டும். அவ்வளவே வேண்டும். அதற்கு மேல் உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறிப்பவனின் கேலி நின்றது. மூச்சு கேட்டது. அது டெல்வினை ஒட்டியே வந்தது. பின்களத்தைக் காவல் காத்த இன்னொருவனும் தன் இடத்தை விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தான். இருவரும் அவனோடு ஓடினார்கள்.

டெல்வின் தலையைத் திருப்பினான். கைகளைத் தூக்கினான். வானத்தில் ஒன்றும் இல்லை. விளக்குகள் மட்டும் எரிந்தன. அந்த ஒன்றுமில்லாததைப் பிடிக்க அவன் விரல்கள் விரிந்தன. இருவரும் அவனோடு சேர்ந்து துள்ளினார்கள்.

மூவரும் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய், மெத்தை சாத்திய சுவரில் மோதி நின்றார்கள்.

அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த ஓசை அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது.

இளைஞன் முழங்காலில் கை ஊன்றி மூச்சிரைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். டெல்வினின் கைகளைப் பார்த்தான்.

“பந்து எங்கே?”

“எசேக்கியேலிடம்” என்றான் டெல்வின்.

*

செவ்வாய்க்கிழமை காலை தலைமைப் பயிற்சியாளர் டெல்வினை அழைத்தார். அவர் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இருவரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

“வியாழன் அன்று நீ ஓடியதைப் படத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.”

“சரி, கோச்.”

“எல்லா அணிகளும் பார்க்க வேண்டிய ஓட்டம்.”

“சரி.”

“அவனுக்கு இருபத்திரண்டு வயது, டெல்வின்.”

“தெரியும்.”

“உனக்கு—”

“அதுவும் தெரியும், கோச்.”

அவர் கையை நீட்டினார். டெல்வின் பற்றினான். நிமிராத சுண்டுவிரல் அவர் உள்ளங்கையில் குத்தியது. அவர் விடாமல் சற்று நேரம் பிடித்திருந்தார்.

அலமாரியைக் காலி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. எசேக்கியேல் பக்கத்தில் வந்து நின்றான். எதையும் மெல்லவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

“சார், நீங்கள் அப்படி ஓடியிருக்காவிட்டால்—”

“டெல்வின்.”

“டெல்வின். நீங்கள் அன்று ஏன்—”

“குறுக்கே திரும்பும்போது தோளை முதலில் சாய்க்கிறாய்” என்றான் டெல்வின். “தோள் சாய்ந்தால் எவனுக்கும் தெரிந்துவிடும். இடுப்பை முதலில் திருப்பு. தோள் தானே பின்னால் வரும்.”

“இடுப்பு முதலில்.”

“தலையில் குட்டிக்கொள்வதையும் விட்டுவிடு. அதில் ஒன்றும் ஏறுவதில்லை.”

பையன் சிரிக்க முயன்றான். அது சரியாக வரவில்லை. டெல்வின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சற்று நின்று, அவன் பிடரியில் கை வைத்தான். பிறகு போனான்.

காரில் உட்கார்ந்து ஆம்ப்ரோஸுக்குப் போன் செய்தான்.

“முடிந்தது” என்றான்.

மறுமுனையில் நீர் கொட்டும் ஓசை கேட்டது. அது நின்றது.

“எங்கே இருக்கிறாய்?”

“கார் நிறுத்தும் இடத்தில்.”

“ஓட்டும் நிலையில் இருக்கிறாயா?”

டெல்வின் சாவியை மடியில் போட்டான். “இன்னும் இல்லை.”

“அவசரமில்லை. நான் போனை வைக்கப் போவதில்லை.”

வாகனங்கள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. வெகுநேரம் கழித்து ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினான்.

“ஒன்பது வருடத்தில் ஒருமுறை அப்படி ஓடியிருந்தால், நானும் உன்னோடு சுவர் வரைக்கும் வந்திருப்பேன்.”

“பார்த்தாயா?”

“வெர்னெல் கடைசிவரை பார்த்தாள். எனக்கு அந்தப் பந்து உனக்கு வருவதாகவே தோன்றியது. பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன்.”

டெல்வின் காரைக் கிளப்பினான்.

*

அந்த அணியில், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் என்னும் புள்ளி எடுத்தவன், தனக்கு வழி திறந்தவர்களை அழைத்து விருந்து வைப்பது முறை. எசேக்கியேல் மேயோ முதல் சம்பளம் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை, செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், அந்த முறையைச் செய்தான். குவார்ட்டர்பேக்கைக் காத்து நின்ற ஐவரும், இப்போது அணியில் இல்லாத ஒருவனும் உண்டார்கள். அந்த ஆறாமவன், முந்தைய பத்து ஆண்டுகளில் இத்தகைய விருந்துகளுக்குப் பலமுறை பணம் கட்டியவன். அழைக்கப்பட்டு வந்து உட்கார்ந்தது அன்றுதான். உணவின் விலை முழுவதையும் எசேக்கியேல் அன்றே கட்டினான். கார் நிறுத்திய கூலி பன்னிரண்டு டாலரை மட்டும் டெல்வின் கொடுத்தான்.